இளவரசர்களிடம் மன்னிப்பு

2025 ஜூன் 10, செவ்வாய், காலை 6.40

செத்துக் கிடந்தவை: எலி பதினொன்று, வாத்து இரண்டு, தண்ணீர்ப்பாம்பு ஒன்று. இடம்: மத்திய ஜாவா, நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் பாக் பார்ஜானின் நெல்வயல் வரப்பு. சாகடித்தது: 220 வோல்ட்.

வீட்டு ப்ளக்கிலிருந்து ஒரு வயரை இழுத்து, வாழைத்தோப்பு வழியாக வயலுக்குக் கொண்டுபோய், மூங்கில் குச்சிகள் நட்டு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வெறும் கட்டுக்கம்பியை வயலைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். எலி தொட்டால் எலி காலி. மனிதன் தொட்டால் மனிதன் காலி. ஃப்யூஸ் இல்லை, எர்த் இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு ஒரே ஒரு குண்டு பல்பு. அது எரிந்தால் கம்பியில் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தமாம்.

"பல்பு ஃப்யூஸ் போயிட்டா?" என்று கேட்டேன்.

"வேற மாட்டிருவோங்க" என்றார் பாக் பார்ஜான்.

நான் பி.இ. எலெக்ட்ரிகல். கோயமுத்தூரில் அரிசி தரம் பிரிக்கும் மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை. இந்தக் குக்கிராமத்துக் கூட்டுறவு மில்லில் ஒரு மெஷினை நிறுத்தி ஓட்டிக் காட்டிவிட்டுப் போக வந்தேன். மெஷின் வந்துவிட்டது. அதன் கன்ட்ரோல் போர்டு இருக்கும் பெட்டி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, வேலை இல்லாத இன்ஜினியர். அதைவிட ஆபத்தான பொருள் இந்த ஊரில் அந்தக் கம்பி ஒன்றுதான்.

இங்கே எனக்குப் பெயர் மாஸ் பெல். குழந்தைவேல் என்ற பெயரில் அவர்கள் வாய்க்குள் நுழைந்த மிச்சம் அவ்வளவுதான். மாஸ் என்றால் தம்பி, அண்ணன், எதுவும். பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா. பெல் என்றால் தரை துடைக்கும் மாப்புக்குச்சி.

சுரபாயாவில் இருந்த ஒன்றரை வருடத்தில் இந்தோனேசிய மொழி பழகிவிட்டது. இவர்கள் பேசுவதை எழுத உட்கார்ந்தால் கொங்குத் தமிழில்தான் வருகிறது. மரியாதை ஒரே அளவு. வித்தியாசம், எங்கள் ஊரில் 'ங்க' போட்டே திட்டுவார்கள். இங்கே திட்டுவதே இல்லை. அதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன்.

அதே நாள், மாலை

கம்பியில் கரண்ட் விடுகிறவர் இரவு முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் இருக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. நல்ல கட்டுப்பாடு. பாக் பார்ஜான் ஒருவரைத் தவிர யாருக்கும் பொருந்தும்.

அவர் தூங்குகிறவர். சாதாரணமாக அல்ல. முடி வெட்டிக்கொள்ளும்போது தூங்குவார். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தூங்குவார். நேற்று என்னிடம் "மாஸ், உங்க ஊர்ல நெல்லு என்ன வி—" என்று கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். கையில் டீ கிளாஸ். ஒரு சொட்டு சிந்தவில்லை.

இன்று சமையலறையில் அவர் மனைவி இபு துமிரா, தேங்காய் துருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"மாஸுக்குக் கரண்ட் வேலை தெரியுமில்லீங்க."

"தெரியும்."

"அந்தக் கம்பியைக் கழட்ட வைக்க முடியுங்களா?"

"நேரா அவர்கிட்டச் சொல்லுங்களேன், இபு."

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் துருவுவதை நிறுத்திப் பார்த்தார். "புருஷன்கிட்டயா? நேராவா?"

"பின்னே?"

"அவர் ராத்திரியெல்லாம் உக்காந்து காவல் இருக்கார்னு ஊரே மெச்சுது. உக்காந்துதான் இருக்கார். காவல்தான் இல்லீங்க." மறுபடியும் துருவ ஆரம்பித்தார். "போன போகத்துல பக்கத்து ஊர்ல ஒருத்தர், சொந்தக் கம்பியில. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

கழற்ற அவருக்கு மனசு வராது என்பதும் புரிகிறது. வயல் குத்தகை. இரண்டு போகம் எலி தின்றுவிட்டது. இந்த முறையும் போனால் குத்தகை வேறு ஆளுக்குப் போகும். கதிர் இப்போதுதான் பொதி கட்டுகிறது. எலிக்கு அதைவிட இனிப்பு எதுவும் இல்லை.

ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

ஜூன் 11, புதன்

பெட்டி வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஊர்த்தலைவர் பாக் ஹர்தோ வீட்டில் கூட்டம். கம்பி கட்டியிருக்கும் எல்லா வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். மில்லும் கூட்டுறவும் பாக் ஹர்தோ பொறுப்புதான். எனக்குப் பேச நேரம் கொடுத்தார்.

சுற்றி வளைக்காமல் பேசினேன். ஓமின் விதியில் ஆரம்பித்தேன். ஈரக் காலோடு நிற்கும் உடம்பில் எவ்வளவு கரண்ட் பாயும், இதயம் எப்போது நிற்கும் என்று சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டினேன். எலிக்காக மனிதன் சாவதா என்று கேட்டேன். எலி என்றால் என்ன? மூளை இல்லாத, சாக்கடையில் புழங்கும் அற்பப் பிராணி. எலியை ஒழிக்க நூறு வழி இருக்கிறது, எலிக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை, எலி எலிதான் என்று முடித்தேன்.

எல்லோரும் தங்கள் டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார்கள். பாக் ஹர்தோ, "மாஸ் சொன்னது எல்லாமே ரொம்பச் சரிங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பாக் பார்ஜான் தூக்கத்திலேயே ஆட்டினார்.

கம்பியைக் கழற்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஜூன் 13, வெள்ளி

ஒரு கம்பியும் கழற்றப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு வயலிலும் புதிதாக ஒரு பலகை: "மன்னிக்கவும். மின்சாரம் உள்ளது. நன்றி."

வீடு வீடாகப் போனேன். பாக் பார்ஜான் சொன்னார்: "கழட்டிரலாங்க. பக்கத்து வயல் பாக் டார்மின் கழட்டட்டும், அடுத்த நிமிஷம் நானும்." பாக் டார்மின், ஊரில் விருந்துப் பிரார்த்தனைகளை நடத்திவைப்பவர், மீதி நேரத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவார். ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே சொன்னார்: "ஊர்த்தலைவரை மீறி நான் எப்படீங்க? அவர் முதல்ல." பாக் ஹர்தோவிடம் போனேன்.

"தலைவனே முதல்ல கழட்டினா ஊரைக் கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிருங்களே."

"அப்ப யார் முதல்ல கழட்டினா சரியா இருக்கும்?"

வெகுநேரம் யோசித்தார். "பாக் பார்ஜான் மாதிரி ஒருத்தருங்க."

கணக்குப்படி பார்த்தால் இவர்கள் பயம் நியாயம்தான். ஒருத்தர் மட்டும் கழற்றினால் சுற்றுவட்டார எலி முழுக்க அவர் வயலுக்கு வந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டும். அதை யார் சொல்வது என்பதில் நிற்கிறது. நான் சொல்லிவிட்டேனே? சொன்னது எண்ணிக்கையில் வராதா?

ஜூன் 15, ஞாயிறு

நேற்று ராத்திரி பாக் ஹர்தோ வயலில் எலி புகுந்து நடுவில் ஒரு பெரிய வட்டம் மொட்டையடித்துவிட்டது. கம்பி இருந்தும். வாய்க்கால் மதகுப் பக்கம் கம்பிக்கு அடியில் வளை தோண்டி வந்திருக்கிறது. நான் போனபோது ஊரே வரப்பில் நின்றுகொண்டிருந்தது.

"வியாழக்கிழமை யாரோ பேரைச் சொல்லிட்டாங்களாம்" என்றார் ஒருவர், வாய்க்காலைப் பார்த்து.

"ஆமாங்க. யாரோ. பல தடவை" என்றார் இன்னொருவர்.

நான் அவர்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து இபு துமிராவிடம் கேட்டேன். விஷயம் இது: பயிர் நிற்கும்போது எலியை எலி என்று சொல்லக் கூடாது. 'டென் பாகுஸ்' என்று சொல்ல வேண்டும். அழகிய இளவரசர். பெயர் சொன்னால் கோபித்துக்கொண்டு பழிவாங்குமாம்.

"கரண்ட் வெச்சுக் கொல்றீங்களே, அதுக்குக் கோபம் வராதா?"

"கொல்றது வேறங்க. அவமரியாதை வேற."

மத்தியானத்திலிருந்து பலகாரமாக வருகிறது. பாக் ஹர்தோ வீட்டிலிருந்து ஒரு தட்டு கொழுக்கட்டை. பாக் டார்மின் வீட்டிலிருந்து வாழையிலையில் பொதிந்த இனிப்பு. பெயர் தெரியாத ஒரு அம்மா ஒரு சீப்புப் பழம் வைத்துவிட்டு, சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர்கள், பாவம், மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று இபுவிடம் சொன்னேன்.

"இல்லீங்க மாஸ்" என்றார். "இவ்வளவு வந்திருக்குன்னா ரொம்பக் கோபமா இருக்காங்கன்னு அர்த்தம்."

கொழுக்கட்டை நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 16, திங்கள்

விடியற்காலை இபு துமிரா என் கதவைத் தட்டவில்லை, பிறாண்டினார். வயலுக்கு ஓடினோம். அதற்கு முன்பே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தார்.

பாக் பார்ஜான் வரப்பில் மல்லாந்து கிடந்தார். ஓலைத் தொப்பி கம்பிமேல் உட்கார்ந்திருந்தது. வலது கால் தண்ணீருக்குள். காலுக்கும் கம்பிக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை கொஞ்சம் இடித்தது.

இபு அவர் மார்பில் கை வைத்தார். அவர் கண்ணைத் திறந்து, "டீ போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சுங்க" என்றார் இபு. போட்டிருக்கவில்லை.

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்து தேங்காய் துருவ உட்கார்ந்தவர் மத்தியானம்வரை எழவில்லை. இருந்த தேங்காய் தீர்ந்து பக்கத்து வீட்டில் வாங்கித் துருவினார். எதற்கு இவ்வளவு என்று பாக் பார்ஜான்கூடக் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் எழுதப் பார்த்தேன், தேதியையே மூன்று தடவை எழுதியிருக்கிறேன். காப்பி அதிகம்.

மத்தியானம் அவர் தூங்கும்போது, என் கருவிப்பெட்டியில் இருந்த இ.எல்.சி.பி.யை எடுத்து வயல் வயர் சொருகும் ப்ளக்குக்குப் பின்னால் மாட்டினேன். கரண்ட் கொஞ்சம் ஈரத்தில் கசிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். வரப்பில் இருக்கும் ஈரத்துக்குக் கம்பியில் கரண்ட் ஒரு நிமிஷம்கூடத் தங்காது. இபு துமிரா டார்ச் பிடித்தார். இருவரும் திருடர்கள் போல் கிசுகிசுத்தோம்.

பிரச்சினை தீர்ந்தது. தொழில்நுட்பம் என்றால் இதுதான். யாரிடமும் கெஞ்ச வேண்டாம், மரியாதை வேண்டாம், பலகை வேண்டாம்.

ஜூன் 18, புதன்

பாக் பார்ஜான் வயலில் கிழக்கு மூலை போய்விட்டது. கம்பியில் கரண்ட் தங்கவே மாட்டேன் என்கிறதே என்று இரண்டு நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தார். நான் வானிலையைக் குறை சொன்னேன்.

அவர் மூலையில் குந்தி உட்கார்ந்து, அடியோடு வெட்டிய தூர்களை ஒவ்வொன்றாக எடுத்து, நட்டுவிட முடியுமா என்று பார்ப்பதுபோல் சேற்றில் நிறுத்திப் பார்த்தார். அரை மணி நேரம். தூங்கவில்லை. அவர் அவ்வளவு நேரம் விழித்திருந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் என் அறைக்கு ஒரு தட்டு வாழைப்பழ பஜ்ஜி கொண்டு வந்து வைத்தார். சிரித்தார். போய்விட்டார்.

பஜ்ஜியை இரண்டு தடவை எடுத்துத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். எண்ணெய் அதிகம்.

ஜூன் 19, வியாழன்

பாக் டார்மின் வந்தார். முதலில் துரியான் பழ விளைச்சல். பிறகு கோயமுத்தூரில் மழை எப்படி. பிறகு என் பெற்றோர் ஆரோக்கியம். பிறகு சைக்கிள் ட்யூபின் தரம் வரவரக் குறைவது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரும் மரியாதைக்காகப் பார்த்தார்.

"என்ன விஷயம், பாக்?"

"விஷயம் ஒண்ணும் இல்லீங்க." ஒரு வாய் டீ. "யாரோ ஒருத்தர், வயல்ல நின்னு டென் பாகுஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டா நல்லா இருக்கும்னு ஊர்ல ஒரு பேச்சு. ஒரு ஸ்லமத்தான் வெச்சு." ஸ்லமத்தான் என்றால் ஊர்கூடிப் பிரார்த்தனை செய்து கூம்பு வடிவத்தில் குவித்த சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுவது.

"யாரோன்னா நான்தானே?"

அவருக்குக் கூசிவிட்டது. "அப்படி நான் சொல்வேனுங்களா?"

"எலிகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்."

சுற்றும்முற்றும் பார்த்தார். "மெதுவாங்க."

"முடியாது. நான் இன்ஜினியர்."

"சரிங்க." எழுந்திருக்கவில்லை. வெளியே ஒரு கோழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு பக்கம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இன்னொரு பக்கம் கம்பியில கரண்ட் விட்டா அது நியாயமில்லைங்க. அதனால மன்னிப்புக் கேட்டா, ஊர்ல எல்லாரும் கம்பியைச் சுருட்டிர வேண்டி வரும். ஒரே நேரத்துல. வேற வழியில்லாம."

"எத்தனை நாளைக்கு?"

"அவங்க பதில் சொல்ற வரைக்குங்க."

"எலி எப்படிங்க பதில் சொல்லும்?"

"அதுதான் எனக்கும் தெரியலீங்க" என்றார் பாக் டார்மின், கோழியிடம்.

"சரி, கம்பி இல்லாம வயல் என்ன ஆகும்?"

"மறுநாளே எல்லாருமாச் சேர்ந்து வளை வெட்டலாங்க. தடியோட, புகையோட. ஊர் முழுக்க ஒரே நாள்ல வெட்டினா நல்லாக் குறையும். அது நேருக்கு நேர். அதுல அவமரியாதை இல்லீங்க."

எத்தனை முரண்பாடு. படித்த ஒரு ஆள் இதற்கெல்லாம் உடன்பட முடியாது என்று திட்டவட்டமாகச் சொன்னேன். ரொம்பச் சரிங்க என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை வெயில் தாழ்ந்ததும் வசதிப்படுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 20, வெள்ளி

மேனேஜர் சிவசாமி சார் போன் செய்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொள்ளாச்சிக்காரர். நிதானமாகக் கேட்டார்.

"மன்னிப்புத்தானப்பா? கேட்டுப்போட்டு வா. நான் டெய்லி கஸ்டமர்கிட்டக் கேக்கறேன்."

"சார், எலிகிட்ட சார்."

"எலியாவது திருப்பி மெயில் போடாதில்ல. சந்தோசப்படு. பொட்டி வந்துச்சா?"

பெட்டி காலையிலேயே வந்துவிட்டது. மில்லில் என் காலடியில்தான் இருந்தது.

"சரியாக் கேக்கல சார், டவர் இல்ல" என்று வைத்துவிட்டேன். இந்த மாதிரி ஈரப்பதத்தில் போர்டைப் பிரிப்பது நல்லதல்ல. தொழில்நுட்பக் காரணம்.

பாக் டார்மினிடம் நிபந்தனை போட்டேன்: ஒரு கம்பி விடாமல், நான் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். "மாஸ் ரொம்பக் கண்டிப்புங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஜூன் 22, ஞாயிறு

நாலு மணிக்கு டெஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போன இடமெல்லாம் எனக்கு முன்பே கம்பி சுருட்டி, கட்டி, வீட்டு வாசலில் வைத்திருந்தார்கள். பாக் ஹர்தோ வீட்டுக் கம்பிச் சுருள் விடியற்காலையிலேயே வாசலுக்கு வந்துவிட்டதாம். எந்த வீட்டிலும் முணுமுணுப்பு இல்லை. பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். எலிக்கு ஒருத்தன் மன்னிப்புக் கேட்கிறான் என்பதற்காகவே இவ்வளவு நிம்மதி. மூடநம்பிக்கை மனிதர்களை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கிறது.

பாக் பார்ஜான் வயலை நான் சோதிக்கவில்லை. அதுதான் என் இ.எல்.சி.பி.யால் செத்துக் கிடக்கும் கம்பியாயிற்றே. அந்தக் கம்பி மட்டும் இன்னும் குச்சியிலேயே இருந்தது. பிறகு சுருட்டிக்கொள்ளலாம்.

அவர் வயல் வரப்போரமாகத்தான் பாய் விரித்திருந்தார்கள். நடுவில் கூம்புச் சோறு, சுற்றிலும் கீரை, அவித்த முட்டை, பொரித்த கோழி. எனக்குப் பாக் ஹர்தோவின் பாத்திக் சட்டை; தோள் இரண்டும் முழங்கைக்கு வந்திருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். பாக் டார்மின் பிரார்த்தனையை முடித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். பாக் பார்ஜான் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மதிப்பிற்குரிய டென் பாகுஸ் அவர்களுக்கு" என்று ஆரம்பித்தேன். "ஜூன் பன்னிரண்டாம் தேதி நடந்த கூட்டத்தில் என்னால் தெரிவிக்கப்பட்ட சில கருத்துகள் தங்கள் மனதைப் புண்படுத்தியிருப்பின்—"

டப்.

எனக்குப் பத்தடி தள்ளி, பாக் பார்ஜான் கம்பியில் நீலமாக ஒரு பொறி. மயிர் கருகும் வாடை. ஒரு டென் பாகுஸ், மன்னிப்பைக் காதால் கேட்க வந்தவர் போலிருக்கிறது, நாலு காலையும் விரித்துத் தண்ணீரில் விழுந்தார்.

ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் அண்ணாந்து பார்த்து, "மழை வரும் போல இருக்குங்க" என்றார். மேகமே இல்லை. மாலை வெயிலுக்கு நேராக இருந்ததால் அந்தப் பல்பு எரிந்துகொண்டிருந்ததே யாருக்கும் தெரியவில்லை. நான் என் வெறுங்காலைப் பார்த்தேன். பிறகு ஈர வரப்பைப் பார்த்தேன். ஒரே தாவலில் பாய்மேல், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அது எப்படி?" என்று கத்தினேன். "அந்த ப்ளக்குல கரண்டே தங்காதே."

சத்தத்தில் விழித்த பாக் பார்ஜான் பெருமையாகவே சொன்னார்: "அது கெட்டுப்போச்சுங்க மாஸ். புதன்கிழமையே பக்கத்து ப்ளக்குல மாத்திச் சொருகிட்டேன். இப்ப நல்லா வேலை செய்யுது." பிறகு, "நாலு மணிக்குப் பிடுங்கோணும்னு இருந்தேன். அசந்துட்டேன்" என்றார்.

பக்கத்து ப்ளக். நான்கு வருடம் பி.இ. புதன்கிழமையிலிருந்து தினமும் விடியற்காலை இந்த வரப்பில் நடக்கிறேன். நடைப்பயிற்சிக்காக. அவர் தூங்கும் இடம் வழியில் வருகிறது, அவ்வளவுதான். அந்தப் பல்பை மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை.

அப்போது இபு துமிரா எழுந்து நின்றார். கையில் சோற்றுக் கரண்டி.

"நான்தான்" என்றார். "நான்தான் மாஸ்கிட்டச் சொன்னேன், இந்தக் கம்பியைக் கழட்டச் சொல்லி. அவர் வந்த முதல் வாரமே சொன்னேன். அந்த ப்ளக்குல டப்பா மாட்டினப்ப டார்ச் பிடிச்சதும் நான்தான்." கரண்டியால் வீட்டுப் பக்கம் காட்டினார். "எலி தின்னாத் தின்னட்டும். குத்தகை போனாப் போகட்டும். தினம் காலையில இவர் மார்ல கை வெச்சுப் பாத்துட்டு அடுப்பு பத்த வைக்க என்னால ஆகாது. எனக்கு இவர் வேணும்."

ஊர் முன்னால். புருஷனிடம். நேராக. எலி என்றே சொன்னார்.

எல்லோரும் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். பாக் பார்ஜான் வாய் திறந்தபடி இருந்தார், முழுசாக விழித்த கண்ணோடு. யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பது அதில் முதல்.

"பாக் டார்மின்" என்றேன், "டீ ஆறிடும்."

"ஆமாங்க, ஆறிடும்" என்று பத்துக் குரல் ஒரே நேரத்தில் சொன்னது. கிளாஸ்கள் கை மாறின. அந்தச் சலசலப்பில் பாக் பார்ஜான் எழுந்து தோப்புப் பக்கம் நடந்துபோனது யாருக்கும் தெரியாததுபோல் ஆயிற்று.

திரும்பி வந்தபோது கையில் ப்ளக் இருந்தது. பின்னால் வாழைத்தோப்பு நெடுக வயர் இழுபட்டு வந்தது. நேராக இபு துமிராவிடம் போய் ப்ளக்கை அவர் கையில் வைத்தார். நான் டெஸ்டரை எடுத்துப்போய்க் கம்பியில் வைத்தேன். எரியவில்லை. குச்சி குச்சியாக நானே சுருட்டினேன்.

பாக் பார்ஜான் நின்றுகொண்டே இருந்தார். ஏதோ பெரிய விஷயம் சொல்லப்போகிறார் என்று ஊர் காத்திருந்தது.

"அப்ப இனிமே ராத்திரி நான் எங்கங்க தூங்கறது?" என்றார்.

"வீட்டுல" என்றார் இபு துமிரா.

இந்த ஊர்க்காரர்கள் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்த்தேன். பாக் ஹர்தோவுக்குப் புரையேறிவிட்டது.

பாக் டார்மின் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மாஸ், முதல்ல இருந்து ஆரம்பிக்கணுங்க. இப்ப மூணு பேருக்குமாச் சேர்த்து. பேர் சொன்னவங்க ரெண்டு பேரு. கொன்னவர் ஒருத்தர்."

மூவரும் வரப்பில் வரிசையாக நின்றோம். இந்தோனேசிய மொழியில் வார்த்தை தீர்ந்துபோனதால் இந்த முறை தமிழில் பேசினேன். என்ன சொன்னேன் என்பது இங்கே தேவையில்லை. முந்தையதைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு வார்த்தை புரியாமலேயே இபு துமிரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் எரிந்தது. ஊதுபத்திப் புகை.

பாக் பார்ஜான் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை. பாதியில் நின்றபடியே தூங்கிவிட்டார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் பாக் டார்மின்.

சோறு நன்றாக இருந்தது. பொரித்த கோழியில் கால் எனக்கு வந்தது. இது கோபமா என்று இபுவிடம் கேட்டேன். "இல்லீங்க, இது வெறும் கோழி" என்றார்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. நாளை காலை வளை வெட்டு. பாக் பார்ஜான் வயலின் கிழக்கு மூலையில் ஆரம்பிக்க வேண்டும். புகை போடும் வேலையை அவரிடம் கொடுக்கக் கூடாது. நெருப்புப் பக்கத்தில் தூங்குவார்.

2. சுருட்டிய கம்பிகள் அத்தனையும் மில் அறையில் வைத்துப் பூட்டுவது. சாவி இபு துமிராவிடம்.

3. டென் பாகுஸிடமிருந்து பதில் ஏதும் வந்தால், யாரிடமும் சொல்லாமல் இருப்பது.

4. அடுத்த போகம் எல்லா வயலிலும் ஒரே வாரத்தில் நடவு செய்தால் எலி பெருகாது. இதைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது. வீடு வீடாகப் போய், டீ குடித்து, முதலில் துரியான் பற்றிப் பேசி, பிறகு யாரோ அப்படிச் சொல்கிறார்கள் என்று சொல்வது.

5. சிவசாமி சாருக்குப் போன் செய்து, போர்டை மாட்டி மெஷினை ஓட்டிப் பார்க்க இன்னும் பத்து நாளாவது ஆகும் என்று சொல்வது. ஈரப்பதம்.

6. பாக் பார்ஜான் இப்போது பக்கத்து அறையில் விடுகிற குறட்டைக்கு ஏதாவது மெஷின் உண்டா என்று விசாரிப்பது. இபு துமிரா சுவரைத் தட்டி, நேராகவே கேட்டார்.